பொறுமையும் மௌனமும் ஒன்றா?

அய்யா நமக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தார். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் எது பொறுமை என்பதில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் இருந்து வருகிறது. மனம் நொந்தும் வாய் திறவாமல் இருப்பவரைப் பொறுமைசாலி என்கிறோம். வாய் திறந்து கேட்பவரை அடக்கம் இல்லாதவர் என்கிறோம். இது சரிதானா? பேச வேண்டியதைப் பேசாமல் உள்ளுக்குள் வைத்துப் பூட்டுவது அய்யா காட்டிய பொறுமையா? ஒரு அண்ணன், ஒரு தங்கை இவர்களுக்கு நடந்ததை வைத்து இதைச் சிந்திப்போம். பெயரும் ஊரும் வேண்டாம். எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் இது நடக்கக் கூடியதே.

ஒரு நிழல் தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் வரிசையாக இலை போட்டு அமர்ந்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சோற்று வாளியோடு பந்தியில் பரிமாறி வந்தார். யாருக்கும் குறை வைக்காமல் கேட்டுக் கேட்டுப் போட்டார். ஆறாவது இலை வந்ததும் வாளியைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போவதுபோல் நகர்ந்தார். அந்த இலையின் முன் அமர்ந்திருந்தவர் அவருடைய உடன்பிறந்த தங்கை. தங்கையும் தலையைத் தூக்கவில்லை. ஏழு மாதமாக இருவரும் பேசவில்லை. ஒருவர் தாங்கலின் கிழக்குப் பக்கம் பெருக்கினால் மற்றவர் மேற்குப் பக்கம் நிற்பார். இருவரும் அய்யாவுக்குப் பணிவிடை செய்வதில் குறை வைத்ததில்லை. ஆனால் அன்று அந்த ஆறாவது இலையைத் தாங்கலின் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார்.

நடந்தது இதுதான். தகப்பனார் இறக்கும்போது உயில் எழுதவில்லை. அவர் உழைத்து வாங்கிய அறுபது சென்ட் தென்னைவிளையும் ஒரு வீடும் இருந்தன. மகளுக்கு 1998-ல் கல்யாணம் நடந்தது. முப்பது பவுன் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கடனைத் தகப்பனாரால் அடைக்க முடியவில்லை. மகன் வளைகுடாவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் வெயிலில் நின்று அடைத்தார். பிற்பாடு ஊர் திரும்பி, தாயையும் தன்னோடு வைத்துப் பார்த்து வருகிறார். இப்போது அவர் மகளுக்குக் கல்யாண வயது. விளையை விற்கலாம் என்று நினைத்தார். பத்திரம் எழுதுகிறவரிடம் போனார். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினால் வேலை முடிந்துவிடும் என்று சொன்னார்கள். பத்திரம் தயாரானது. தங்கையின் வீட்டுக்கு ஒரு ஆளிடம் நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார்: “வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆதார் அட்டையோடு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லு.”

தங்கை போகவில்லை. அவர் கணவர் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகிறவர். முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு பாதி நாள்தான் வேலை. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கஷ்டம் இருந்தது. ஆனாலும் அண்ணனிடம் அவர் ஒன்றும் கேட்டதில்லை. அந்த ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் அது வெடித்தது. தங்கை, “அப்பா சொத்தைத் தனியா முழுங்கப் பாக்கியா?” என்றார். மைனி, “முப்பது பவுன் வாங்கிட்டுப் போனவளுக்கு இன்னும் என்ன வேணும்?” என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது. தாய் மட்டும் இரு வீட்டுக்கும் நடுவே கிடந்து தவித்தார்.

இதில் யார் பொறுமைசாலி? ஊர் இரண்டு விதமாகச் சொன்னது. அண்ணன் வாய் திறக்காமல் போனாரே, அவர்தான் என்றது ஒரு கூட்டம். இத்தனை நாள் பங்கு கேட்காமல் இருந்தாளே, அவள்தான் என்றது மற்றொரு கூட்டம். இரண்டிலும் உண்மை இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பொறுமையின் பலன் அமைதி அல்லவா? இங்கே அமைதி எங்கே? இரண்டு உள்ளங்களிலும் நெருப்பு இருந்தது. மேலே சாம்பல் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

பெரியவர் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க அவசரப்படவில்லை. முதலில் தங்கையைத் தனியாகப் பார்த்தார். அவர் வேறு எதையும் பேசவில்லை. “உனக்கு என்ன வேணும் மக்களே? நிலமா, பணமா, இல்ல உன்னைக் கேட்டிருக்கணும்கிறதா?” என்று மட்டும் கேட்டார். தங்கையால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து சொன்னார்: “நிலமும் வேணும் பாட்டா. பொய் சொல்ல மாட்டேன். கஷ்டம் இருக்கு. ஆனா அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பாதியை விட்டுக் கொடுத்திருப்பேன். ஆளை அனுப்பினதுதான் எனக்குப் பொறுக்கல்ல.”

பிறகு அண்ணனைப் பார்த்தார். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். ஆறு ஆண்டுகளில் எந்த மாதம் எவ்வளவு அனுப்பினார், யாருக்கு எவ்வளவு அடைத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பெரியவர், “இதைத் தங்கச்சியிட்ட காட்டியிருக்கியா?” என்று கேட்டார். “அது எப்படி பாட்டா? செய்ததைச் சொல்லிக் காட்டினா நான் அண்ணனா?” என்றார் அவர். “சரி, காட்ட வேண்டாம்னா ஏன் எழுதி வச்சிருக்க?” என்றார் பெரியவர். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

மக்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தங்கைக்கு அந்தக் கடனை அண்ணன் அடைத்தார் என்பது தெரியும். எவ்வளவு, எப்படி என்பது தெரியாது. அண்ணனுக்குத் தங்கை வீட்டில் கஷ்டம் என்பது தெரியும். கல்லூரிக் கட்டணத்துக்குக் காதில் கிடந்ததை அடகு வைத்தது தெரியாது. இருவரும் அன்பினால்தான் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்த அன்பு ஆண்டுக்கு ஆண்டு வட்டி போட்டுக் கடனாக ஏறியது. ஒரு நாள் அது பத்திரமாக வந்து நின்றது. மறுநாள் வசையாக வந்து நின்றது. கணக்குப் பேசினால் உறவு கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்டு. பேசாமல் மனதுக்குள் எழுதி வைக்கிற கணக்கு அதைவிட வேகமாக உறவைக் கெடுக்கிறது.

அய்யாவின் வாழ்க்கையைப் பார்ப்போம். கொல்லம் 1008, அதாவது 1833-ஆம் ஆண்டு மாசி மாதம் 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்து வந்த அய்யாவை, பிற்பாடு திருவிதாங்கூர் மன்னரின் ஆட்கள் பிடிக்க வந்தார்கள். சுற்றி நின்ற மக்கள் கொதித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். தாம் அமைதியாக உடன் போனார். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் எத்தனையோ சோதனைகளை ஏற்றார். இதுவரை பார்த்தால் மௌனம்தான் பொறுமை என்று தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு சாதி மக்களோடு மட்டும் நின்றுகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை வந்தபோது அய்யா அதற்கு இணங்கவில்லை. அடியை ஏற்றவர், பொய்யான உடன்பாட்டை ஏற்கவில்லை. கையை ஓங்கவும் இல்லை. தலையை ஆட்டவும் இல்லை. இதுவே பொறுமை. கோபத்தைப் பொறுப்பது பொறுமை. அநீதிக்கு ஒப்பம் போடுவது பொறுமை ஆகாது. அமைதியாக இருந்தே மறுக்க முடியும் என்பதை அய்யா நடந்து காட்டினார்.

அப்படியென்றால், கடினமான ஒரு பேச்சை எப்படிப் பேசுவது? அந்தப் பெரியவர் செய்ததிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, உண்மையைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். அண்ணன் உள்ளபடியே தங்கைக்குப் பங்கு இல்லை என்று நம்பியிருந்தார். கல்யாணத்தில் போட்டு அனுப்பியதோடு முடிந்தது என்பது ஊர் வழக்கு. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் தானாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. சீதனம் கொடுத்ததால் மகளின் பங்கு குறைந்துபோவதில்லை. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை கொடுத்துத் தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் அது 2005-ல் வந்தது. ஆகவே தங்கை கேட்பது பிச்சை அல்ல. அண்ணன் கொடுப்பது தானமும் அல்ல. இதை ஒரு வழக்கறிஞரிடம் போய் அண்ணனே கேட்டுத் தெரிந்து வரட்டும் என்று பெரியவர் அனுப்பினார். தானே சொல்லியிருந்தால், தங்கைக்காகப் பேசுகிறார் என்று அண்ணன் நினைத்திருப்பார்.

இரண்டாவது, தன் முகத்தைத் தான் பார்க்க வேண்டும். நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் தரித்து அதன் முன் நிற்கிறோம். அதில் பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரிவதில்லை; அண்ணன் முகமோ மைனி முகமோ தெரிவதில்லை. நம் முகம்தான் தெரிகிறது. பேசப் போவதற்கு முன் நம்மை நாமே கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். இந்த வழக்கில் என் தப்பு எது? என் வாயால் நான் இன்னும் சொல்லாத உண்மை எது? தங்கைக்குக் கல்யாண வீட்டில் பேசிய பேச்சு தப்பு என்று தெரிந்தது. அண்ணனுக்கு ஆள் அனுப்பியது தப்பு என்று தெரிந்தது. எதிரியின் தப்பை எண்ணிக்கொண்டு போகிறவன் சண்டைக்குப் போகிறான். தன் தப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கே பேச்சு கூடும்.

மூன்றாவது, இடமும் நேரமும் பார்க்க வேண்டும். கல்யாண வீடு, துக்க வீடு, பந்தி, இவையெல்லாம் வழக்குப் பேசும் இடங்கள் அல்ல. கைப்பேசியில் குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற குழுவும் அப்படியே. அங்கே எழுதியதை அழித்தாலும் பார்த்தவர் மனதில் அழியாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்கள் மூலமாகப் பேசுவதும் கூடாது. வார்த்தை கை மாறும்போது சூடு ஏறிக்கொண்டே போகும். பெரியவரும் தங்கை சொன்னதை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணனின் நோட்டைப் பற்றித் தங்கையிடம் சொல்லவில்லை. அவர்கள் வாயால்தான் அது வர வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், தாயின் வீட்டு முற்றத்தில் மூன்று வாரிசுகளும் உட்கார்ந்தார்கள். பெரியவர் சற்றுத் தள்ளித் திண்ணையில் இருந்தார். தங்கைதான் முதலில் பேசினார். “அண்ணே, கல்யாண வீட்டில நான் பேசினது தப்பு. முழுங்கப் பாக்கியான்னு கேட்டிருக்கக் கூடாது. ஆனா அந்த ஆள் வந்து கையெழுத்துப் போட வான்னு சொன்னப்போ, எனக்க அப்பா வீட்டில நான் யாருமே இல்லன்னு தோணிச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

கவனியுங்கள். ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று அவர் தொடங்கவில்லை. ‘எனக்கு இப்படி ஆயிற்று’ என்று தொடங்கினார். மனிதனின் குணத்தைக் குறை சொன்னால் அவன் மறுத்தே தீர்வான். நமக்கு ஏற்பட்ட நோவைச் சொன்னால் அதை மறுக்க வழியில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அண்ணன் நெடுநேரம் சும்மா இருந்தார். தாய் இடையில் ஏதோ சொல்ல வந்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த இடைவெளியை யாரும் நிரப்பாமல் விட்டதால்தான் அண்ணனுக்கு வார்த்தை வந்தது. நோட்டை எடுத்து நீட்டினார். “நீ திருப்பித் தரணும்னு இல்ல பிள்ளே. இதை யாருமே ஒருநாளும் கேக்கல்ல. அப்பாவும் கேக்கல்ல, நீயும் கேக்கல்ல. அதுதான் எனக்க வெப்ராளம்” என்றார். தங்கை பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். 2001-ஆம் ஆண்டில் நான்கு மாதம் எழுத்தில்லாமல் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டார். வேலை இல்லாமல் அங்கே கிடந்த மாதங்கள் அவை. வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அன்றே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மறுபடியும் இரண்டு முறை உட்கார வேண்டி வந்தது. ஒரு முறை குரல் உயர்ந்தது. எழுந்து போய், மறுவாரம் வந்தார்கள். கடைசியில், தாய் உயிரோடு இருக்கும்வரை வீட்டைத் தொடுவதில்லை, பிறகு அது அண்ணனுக்கு என்றும், விளையில் தங்கைக்கு இருபத்தைந்து சென்ட் என்றும் மூவரும் ஒத்துக்கொண்டார்கள். சட்டப்படி தனக்குள்ளது இதைவிடக் கூடுதல் என்பது தங்கைக்குத் தெரியும். தெரிந்தே, அந்த நோட்டை நினைத்து விட்டுக் கொடுத்தார். அறியாமல் இழப்பது வேறு. அறிந்து விடுவது வேறு. முன்னதில் நோவு மிஞ்சும்; பின்னதில் மனம் நிறையும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மைனி மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கும் ஒரு நாள் வரும், வராமலும் போகலாம். எல்லாப் பேச்சும் எல்லாரையும் சேர்த்துவிடும் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் சமாதானம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யாரைப் பார்த்துப் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள்? அண்ணனைப் பார்த்து அல்ல, தங்கையைப் பார்த்து. மாமியாரைப் பார்த்து அல்ல, மருமகளைப் பார்த்து. நிலக்காரனைப் பார்த்து அல்ல, கூலிக்காரனைப் பார்த்து. யார் பணிவாரோ அவரைப் பணியச் சொன்னால் வழக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதுதான் தர்மம் என்று அய்யா போதித்தார். தாழ்ந்தவரை மேலும் தாழச் சொல்லி வாங்குகிற அமைதி தர்மத்தின் கணக்கில் சேராது. நடுவே நிற்கிறவர் இதை மறந்தால் அவர் நடுவில் நிற்கவில்லை.

அதுபோலவே, அடி உதை இருக்கும் வீட்டிலும், மிரட்டிக் கையெழுத்து வாங்கும் இடத்திலும், உட்கார்ந்து பேசிப் பார் என்று சொல்வது தவறு. அங்கே முதலில் ஆளைக் காப்பாற்ற வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அங்கே போவது குடும்ப மானத்தைக் கெடுப்பதாகாது. பேசித் தீர்க்கக் கூடியதைப் பேசுவதும், பேச்சால் தீராததற்கு உரிய வாசலைத் தட்டுவதும் இரண்டும் தர்மமே.

முத்திரிக்கிணற்றை நினைத்துப் பாருங்கள். தீட்டு என்று ஒருவரை ஒருவர் ஒதுக்கி வைத்த காலத்தில், எல்லாச் சாதி மக்களையும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிக் குளிக்க வைத்தார் அய்யா. அவருடைய மக்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஒரே வயிற்றில் பிறந்தவரின் இலையைத் தாண்டிப் போகலாமா? நெற்றியில் நாமம் இருந்து, நெஞ்சில் ஏழு மாதக் கசப்பு இருந்தால், நாம் செய்யும் பணிவிடை பாதிப் பணிவிடைதானே?

பத்திரம் முடிந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே தாங்கலில் அதே பந்தி நடந்தது. அண்ணன் வாளியோடு வந்தார். தங்கையின் இலை வந்தது. அவர் நகரவில்லை. ஒரு கரண்டி போட்டார், இன்னொன்றும் போட்டார். “போதும் அண்ணே” என்றார் தங்கை. அடுத்த இலைக்குப் போனார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரிந்திருக்காது.

நம்மில் ஒவ்வொருவருக்கும் அப்படித் தாண்டிப் போகிற இலை ஒன்று இருக்கலாம். அண்ணனாக, தங்கையாக, பக்கத்து விளைக்காரராக, பழைய கூட்டாளியாக அது இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியின் முன் நிற்கும்போது அந்த இலையை நினைத்துக்கொள்வோம். சொல்ல வேண்டியதை மெதுவாகவும் உண்மையாகவும் சொல்லும் பலத்தையும், சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பொறுமையையும் அய்யா தந்தருள்வார்.

அய்யா உண்டு.